ஊர்தியும் ஊர்பவரும்

கோயிற் சுவரில் வரைந்த ஓவியத்தின் முகம் மங்கிப் போயிருந்தாலும், மயிலைக் கண்டால் முருகன் என்போம். மூஞ்சூறைக் கண்டால் பிள்ளையார் என்போம். இடபத்தைக் கண்டால் மேலே நோக்காமலே கைகுவிப்போம். ஊர்தியைக் கொண்டு ஊர்பவரை அறிதல் தெய்வங்களிடத்தே பொருந்தும் முறை. அம்முறையை மனிதரிடத்தும் செலுத்தலாமோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள். அதற்கு எடுத்துக்கொண்ட சான்று மிக எளியது. அது மோட்டார் சைக்கிள். உந்துருளி என்று அதற்குத் தமிழ்ப் பெயர் உண்டு. தமிழாசிரியராகிய யாம் அதனையே ஆள வேண்டும் என்பர் சிலர். ஆயினும் கண்டி நகரத்துக் கராஜ் ஒன்றில் நின்று "எமது உந்துருளி பழுதுற்றது" என்று உரைத்தால் என்ன விளையும் என்பதை நினைந்து, வீதி வழக்கையே கொள்கின்றோம்.

யூபிலி மலரிலே கல்லூரியின் பழம்பெருமையைப் பாடவல்லார் பலர் உளர். அப்பணியை அவர்க்கே விடுத்தோம். எம்மை இக்கட்டுரைக்குத் தூண்டியது சென்ற தவணையில் நிகழ்ந்த ஒரு சிறு பேச்சு. விழா அலுவலாகக் கல்லூரிக்கு வந்திருந்த பழைய மாணவர் ஒருவர், எமக்கு மூத்தவர், மதிப்புக்குரியவர், வாயிலருகே வரிசையாய் நின்ற மோட்டார் சைக்கிள்களைப் பார்த்து, "இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டதற்கு இதுதான் காரணம், மாஸ்டர்" என்றார். சொல்லி முடிக்கும்போதே எம் கையிலிருந்த தலைக்கவசம் அவர் கண்ணிற் பட்டது. உடனே, "நீங்கள் வேறு. நான் சொன்னது அந்த மாதிரிப் பொடியன்களை" என்று எம்மைத் தேற்றினார்.

'அந்த மாதிரி' என்னும் அச்சொல் எம்மை விட்டு அகலவில்லை. எந்த மாதிரி? யாம் வினவவில்லை, வினவியிருப்பின் அவர் கூறியிருக்கக்கூடிய விடையை யாமே கூறிவிடலாம். வயது இருபதை ஒட்டியது; தலைமயிர் நீண்டது; சைலன்சர் அறுக்கப்பட்டது; மாலை வேளையிற் கண்டி வாவியை முழக்கத்தோடு மும்முறை வலம் வருவது; தொழில் இன்னதென்று தெரியாதது. இவ்வுருவத்திற் சிறிதளவை அவர் வீதியிற் கண்டிருப்பார். எஞ்சியதெல்லாம் கேள்வியாற் பெற்றதே.

இளைஞர் ஏறிவருவதைக் கண்டு ஊர் முகஞ்சுளித்தல் தமிழுக்குப் புதிதன்று. காதல் கைகூடாத இளைஞன் பனங்கருக்கினாற் குதிரை செய்து, எருக்கம்பூச் சூடி, அதன்மேல் ஏறி ஊர் நடுவே வருவேன் என்று அச்சுறுத்துவதைச் சங்க அகப்பாடல்களிற் காண்கின்றோம். மடலேறுதல் என்பது அதன் பெயர். பெண்டிர் மடலேறுதல் முறையன்று எனத் தொல்காப்பியம் விலக்கிற்று. மடல்மாவுக்கு இயந்திரம் இல்லையாயினும், ஊரின் காதில் ஓசை எழுப்புவதே அதன் நோக்கம் என்பதில் எமக்கு ஐயமில்லை.

இக்காலத்து உருவமோ கடல் கடந்து வந்தது. 1885இல் செருமனியிலே டைம்லரும் மேபாக்கும் மரச்சட்டத்திற் பொறியைப் பொருத்தி ஓட்டிய நாளில், அதன்மேல் ஏறுபவன் போக்கிரி என்று எவரும் எண்ணிலர். 1947 ஆடித் திங்களிற் கலிபோர்ணியாவின் ஹொலிஸ்டர் என்னும் சிற்றூரிலே மோட்டார் சைக்கிளோட்டிகள் கூடினர். குடியும் குழப்பமும் நிகழ்ந்தன. பியர்ப் போத்தல்கள் சூழ மோட்டார் சைக்கிள்மேல் ஒருவன் சாய்ந்திருக்கும் படத்தை 'லைஃப்' இதழ் வெளியிட்டது. அப்படம் வேண்டுமென்றே அமைத்து எடுக்கப்பட்டது என்ற பேச்சும் உண்டு. அந்நிகழ்ச்சியைத் தழுவி 1953இல் மார்லன் பிராண்டோ நடித்த திரைப்படம் வெளிவந்தது. பிரித்தானியத் தணிக்கையாளர் அதற்கு 1967 வரை அனுமதி அளித்திலர். ஓர் ஊரிற் சில நாள் நிகழ்ந்த குழப்பம் உலகத்து மோட்டார் சைக்கிளோட்டிகள் அனைவருக்கும் தோற்சட்டை அணிவித்துவிட்டது! அதே வேளையில் யப்பானிலே ஹொண்டா நிறுவனத்தார் 1958இல் ஒரு சிறு வண்டியைச் செய்தனர். உணவுக்கடைப் பையன் ஒரு கையிற் பண்டத்தை ஏந்தி மறுகையால் ஓட்டத்தக்கதாய் அது இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் கருத்து. 2017ஆம் ஆண்டளவில் அவ்வினத்திற் பத்துக் கோடி வண்டிகள் செய்யப்பட்டிருந்தன. உலகம் உண்மையில் ஏறியது எதன்மேல் என்பதற்கு அவ்வெண்ணே சான்று. திரைப்படமோ அவ்வுணவுக்கடைப் பையனை நாயகனாக்கவில்லை.

எம் மலைநாட்டின் கதை இவ்விரண்டினும் வேறானது. கலகாவிலும் தெல்தோட்டையிலும் மடுல்கலையிலும் உள்ள முதியோரைக் கேட்டால், மோட்டார் சைக்கிள் என்றவுடன் அவர்கள் நினைவுக்கு வருபவர் சின்னத்துரை. பெரியதுரைக்குக் கார், சின்னத்துரைக்கு மோட்டார் சைக்கிள், கணக்கப்பிள்ளைக்குக் கால். கீழ் ரோட்டு வளைவில் அந்த ஓசை எழுந்தால் மேல்மலையிற் கொழுந்தெடுக்கும் கைகள் விரையும், பேச்சு அடங்கும். இன்று அதே லயத்துப் பேரன் லீசிங் முறையில் ஒரு வண்டியை எடுத்து, மாதந்தோறும் தவணைப் பணத்தைக் கட்டி, கண்டிக் கடையொன்றுக்கு வேலைக்குப் போய் வருகின்றான். வளைவும் அதுவே, ஓசையும் அதுவே. துரை ஏறியபோது அதிகாரமென்று கேட்ட ஓசை, தொழிலாளி பேரன் ஏறியபோது திமிரென்று கேட்கின்றது. எம் மதிப்புக்குரிய பழைய மாணவர் இதனைச் சற்றே சிந்திக்க வேண்டுகின்றோம்.

இன்னொரு மாதிரியை எமது நாளிதழ்கள் உண்டாக்கின. 'மோட்டார் சைக்கிளில் வந்த இனந்தெரியாத நபர்கள்' என்னும் தொடர் ஈழத்துத் தமிழ்ச் செய்தி நடையிலே எத்தனை ஆண்டுகளாக வழங்கி வருகின்றது! போர்க்காலத்தில் அத்தொடரைப் படித்தவுடன் அடுத்த வரியைப் படிக்க வேண்டியதில்லை, யாவரும் அறிவர். அச்சம் காரணமின்றி எழுந்ததன்று. எனினும் அவ்வச்சம் எதுவரை சென்றது என்பதையும் நோக்குக. 2015இல் முகத்தை முழுதும் மூடும் தலைக்கவசத்தைத் தடைசெய்யப் பொலிசார் முற்பட்டனர். குற்றஞ் செய்வோர் அதற்குள் முகத்தை மறைக்கின்றனர் என்பது காரணம். மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தடையை இடைநிறுத்தியது. சிலர் முகம் மறைத்தற்குப் பலர் தாடை உடைதல் தீர்வாமோ? கள்வனைத் தேடும் வேகத்தில், கவசத்தைக் கவசமென்று காணும் கண்ணை இழந்தோம்.

இனி, உண்மையில் ஏறுவோர் யாவர்? இந்நாட்டிற் பதிவாகிய வாகனங்களிற் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்களே. அத்தனை பேரும் ஒரு மாதிரியராய் இருத்தல் இயலுமோ? எமது கல்லூரி வாயிலிலேயே காண்க. ஆசிரியைமாரின் ஸ்கூட்டர்கள் ஒருபுறம் நிற்கும். தொல்காப்பியர் விலக்கிய மடலை அவர்கள் நாள்தோறும் ஏறுகின்றனர். ஊர் நகைப்பதை விடுத்துப் பல்லாண்டாயிற்று. தபாற்காரர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மலையேறித் தாய்மாரைப் பார்க்கச் செல்லும் மருத்துவமாது, சோற்றுப்பொதியை முதுகிற் சுமந்து நகரெங்கும் திரியும் இளைஞர், வத்துகாமத்திலிருந்து கீரைக்கட்டும் வாழைக்காயும் கட்டிவரும் எழுபது வயதுப் பெரியவர், எல்லாரும் இதன்மேல் ஏறியவரே. வயதைப் பற்றிக் கேட்போருக்கு நியூசிலாந்து நாட்டு பேர்ட் மன்றோவைக் காட்டுவோம். 1920ஆம் ஆண்டின் பழைய வண்டியொன்றைத் தம் கொட்டகையிலேயே திருத்தித் திருத்தி, 1967இல், தமது அறுபத்தெட்டாவது வயதில், அமெரிக்க உப்பு வெளியிலே மணிக்கு 184 மைல் வேகத்தில் ஓட்டிச் சாதனை நாட்டியவர் அவர். (யாம் இதனை மாணவர்க்குச் சொன்னதில்லை, சொன்னால் வேகத்தை மட்டும் பற்றிக்கொள்வர்.)

இடுக்கண் வந்தபோது இச்சிறு வண்டியின் அருமை விளங்கிற்று. 1990களிற் பெற்றோல் தடைப்பட்ட யாழ்ப்பாணத்திலே மண்ணெண்ணெயில் இதனை ஓட்டினர்; உயிர்ப்பிப்பதற்கு மட்டும் சில துளி பெற்றோலைப் பீச்சுவர். 2022 எரிபொருள் நெருக்கடியின்போது மோட்டார் சைக்கிளுக்கு வாரமொன்றுக்கு நான்கு லீற்றர் என்று பங்கிட்டனர். அந்நான்கு லீற்றரிலே கண்டியிற் பலர் வீட்டு அடுப்பும் அலுவலும் நடந்தன. காருடைய அயலவர் ஒருவர் அந்நாட்களில் எம் பின்னிருக்கையில் ஏறிக் கட்டுகலைப் பிள்ளையார் கோயிலுக்கு வந்தார். நெருக்கடி நீங்கியபின் ஏறியதில்லை.

நிற்க. இவ்வளவும் கூறியதனால் யாம் இளைஞருக்கு வழக்குரைக்க வந்தோம் என்று எண்ணற்க. எம்மிடம் படித்த பிள்ளைகள் மூவரை வீதியில் இழந்துள்ளோம். இறுதிக் கிரியைக்குச் சென்று தாய்மாரின் முகத்தைப் பார்த்துள்ளோம். இந்நாட்டில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதியில் மடிகின்றனர். அவருள் மோட்டார் சைக்கிளில் சென்றோரும் பாதசாரிகளுமே மிகுதி. எமது வழக்கு வேறு. 'அந்த மாதிரி' என்று ஒருவனைச் சுட்டியவுடன் ஆபத்தும் அவனுக்கே உரியதென்று கருதிவிடுகின்றோம். அவனைத் திட்டுகின்றோம், எவரும் அவனுக்குக் கற்பித்தோமில்லை. எமக்கோ யாதும் நேராதென்று துணிந்துவிடுகின்றோம். இதனை யாம் ஏட்டிற் கற்கவில்லை.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, அம்பிட்டிய வீதியால் நகருக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். எம் மகள், அப்போது ஆறு வயது, எமக்கு முன்னே தாங்கியின்மேல் இருந்தாள். எம் தலையிற் கவசம். அவள் தலையில் வெள்ளை ரிபன். யாம் கொட்டகலைக் கலாசாலையிற் பயின்ற ஆசிரியர், நெற்றியில் நீறு, வேகம் முப்பதைத் தாண்டாது, ஆயுத பூசை தவறாமல் தேசிக்காயை நசுக்கிய வண்டி. எமக்கு விபத்து வருமென்று யார் எண்ணுவர்? முதல் நாள் மழையில் உதிர்ந்த இலை வளைவிற் படிந்திருந்தது. வண்டி பக்கமாய்ச் சரிந்து எம்மை விட்டுச் சென்றது. பிள்ளை வீதி நடுவே கிடந்தாள்.

எமக்குப் பின்னே முழங்கிக்கொண்டு வந்தவன் அந்த மாதிரியானவனே. நீண்ட மயிர், அறுத்த சைலன்சர், யாவும் இருந்தன. அவன் எம்மிடம் ஓடிவரவில்லை. வண்டியைத் திருப்பி வளைவுக்கு மேலே கொண்டுபோய்க் குறுக்காக நிறுத்தி, விளக்கை மின்னவிட்டு, இறங்கி வந்த பஸ் வண்டியைக் கை காட்டி மறித்தான். அதன்பின்னரே வந்து பிள்ளையைத் தூக்கினான். அவன் சிங்கள இளைஞன்; எமக்கோ தெரிந்த சிங்களமும் அவ்வேளை நாவில் எழவில்லை. பெரியாஸ்பத்திரிக்கு முச்சக்கர வண்டியில் ஏற்றிவிட்டு, எமது வண்டியை ஓரத்துக் கடையில் ஒப்படைத்துவிட்டுப் போனான் எனப் பின்னர் அறிந்தோம். பெயரைக் கேட்க மறந்தோம். நெற்றியில் நான்கு தையல், தெய்வாதீனம். அவன் சைலன்சரைப் பற்றி எமது அபிப்பிராயம் மாறவில்லை; இன்றும் அது சட்டத்துக்கு மாறானது, நோயாளர்க்கு இடைஞ்சலானது. ஆனால் வளைவிலே முதலிற் செய்யவேண்டியது எதுவென்று அவனுக்குத் தெரிந்திருந்தது, எமக்குத் தெரிந்திருக்கவில்லை.

1935இல் அரேபிய லோறன்ஸ் என்று புகழ்பெற்ற ஆங்கிலேயர் தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிளில் விழுந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களுள் ஒருவர் ஹியூ கேர்ன்ஸ் என்னும் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர். அம்மரணம் அவர் மனத்தில் தைத்தது. பின்னர்ப் படைத் தபாலோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் கவசத்தின் பயனை எழுதினார். அதன்பின் நிகழ்ந்த பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தோர், கவசம் மரண அபாயத்தை 100க்கு 42 பங்கு குறைக்கும் என்று கணித்துள்ளனர். பெருவீரரின் தலையும் பிள்ளையின் தலையும் கல்லுக்கு ஒன்றே.

இப்போது காலை ஏழு மணிக்கு எம் கல்லூரி வாயிலில் வந்து நில்லுங்கள். தந்தையர் இறங்குவர், வங்கி உத்தியோகத்தர், கடைக்காரர், எம் சக ஆசிரியர். ஒருவரும் அந்த மாதிரியானவரல்லர். அவர் தலையிற் கவசம் இருக்கும். முன்னே ஒரு பிள்ளை, பின்னே ஒரு பிள்ளை, இரண்டின் தலையிலும் எண்ணெய் வைத்து வாரிய மயிர் மட்டுமே இருக்கும். யாம் ஒரு நாள் எண்ணிப் பார்த்தோம்; வந்த பிள்ளைகள் முப்பத்தொருவர், கவசம் அணிந்தோர் நால்வர். அந்நாற்சந்தியிற் கடமையிலிருந்த காவலர் மறித்ததோ, தனியே வந்த நீள்மயிர் இளைஞனை.

பழைய மாணவர் சங்கத்தார் யூபிலி நினைவாக வாயிலில் ஓர் அலங்கார வளைவு கட்டக் கருதியிருப்பதாக அறிகின்றோம். வளைவு நன்று. அதன் செலவில் ஒரு கூற்றைப் பிரித்துச் சிறு தலைக்கு ஏற்ற கவசங்களை வாங்கி, நூலகத்தில் நூல் வழங்குவது போலக் கீழ்வகுப்புப் பிள்ளைகட்கு வழங்கி, வளர்ந்தபின் மீளப்பெறலாம். பதினெட்டை எட்டும் உயர்தர மாணவர்க்கு, அனுமதிப்பத்திரம் எடுக்குமுன், மழை வளைவில் எவ்வாறு இறங்குவது, விழுந்தவரைத் தூக்குமுன் வீதியை எவ்வாறு மறிப்பது என்று சனிக்கிழமைகளிற் கற்பிக்கலாம். கற்பிக்கத் தக்கவர் பழைய மாணவருள்ளே உளர். அவருட் சிலர் நீள்மயிர் உடையவர்.

எம் மகளுக்கு இப்போது பதினொரு வயது. அவள் முதற் கவசம் சிறிதாகிவிட்டது. நீல நிறம், வார் புதியது. கல்லூரி அலுவலகத்தில் வைத்துள்ளோம், வேண்டுவோர் பெற்றுக்கொள்க.