பிளக்கைப் பிடுங்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க



பூ கட்டுறவங்க, அன்னதானத்துக்குக் காய் நறுக்குறவங்க தொண்டு எல்லார் கண்ணுக்கும் தெரியும். மைக், கேமரா, வைஃபை பார்க்குற எங்க தொண்டு, அது ஓடாதப்ப மட்டும்தான் தெரியும். நல்லா ஓடினா "எல்லாம் சாமி அருள்". நின்னு போச்சுன்னா "அந்தத் தம்பி எங்க?"

"மைக் கெட்டுப் போச்சு தம்பி"ன்னு ஓடி வருவாங்க. போய்ப் பார்த்தா பெரும்பாலும் சுவிட்ச் ஆஃப்ல இருக்கும். இன்னும் சிலர் ஸ்பீக்கருக்கு முன்னாடியே மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. ஸ்பீக்கர் சத்தத்தையே மைக் மறுபடி வாங்கி அனுப்பினா அது "கீ..."ன்னு கத்தத்தான் செய்யும். ஸ்பீக்கருக்குப் பின்பக்கம் வந்து பேசினா போதும், அண்ணே.

அபிஷேக நேரத்துல ரெக்கார்ட் பண்ண பக்திப் பாட்டு போட்டா, நேரலையில திடீர்னு சத்தம் போயிடும். உடனே வாட்ஸ்அப் குழுவுல "சவுண்ட் இல்ல"ன்னு வரிசையா மெசேஜ். மெஷின் மேல தப்பு இல்லை. பாட்டுக்கு உரிமை உள்ளவங்களுக்காக நேரலைத் தளமே அதைக் கண்டுபிடிச்சு சத்தத்தை நிறுத்திடுது. நம்ம ஆளுங்களே நேர்ல தேவாரம் பாடினா பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. அதுதானே கோயிலுக்கும் அழகு?

இதெல்லாம் சிரிச்சுட்டுப் போயிடலாம். பிளக் விஷயம் அப்படி இல்லை. கேமரா ஓடுற எக்ஸ்டென்ஷன்லயே கெட்டிலைச் சொருகுறாங்க, பக்கத்துல ரைஸ் குக்கர் வேற. நம்ம ஊரு மூணு பின் பிளக் 13 ஆம்பியர்தான் தாங்கும். 230 வோல்ட்டுக்குக் கணக்கு போட்டா மொத்தமே சுமார் 3,000 வாட். ஒரு கெட்டிலே 2,000 வாட்டுக்கு மேலகூட இழுக்கலாம். ஃபியூஸ் போனா நம்ம நல்ல நேரம். வயர் சூடாகி உருகினா?

2020 மார்ச் 18-ல நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கோயில் கதவு மூடினப்ப, நேரலை இல்லாம சாமி முகம் பார்க்க வழியில்லை. இப்போ கதவு திறந்தாச்சு. ஆனா படுத்த படுக்கையா இருக்குறவங்களுக்கும், டயாலிசிஸ் முடிஞ்சு அசந்து கிடக்குறவங்களுக்கும், சிங்கப்பூர்ல ஷிஃப்ட் வேலை பார்க்குற நம்ம பிள்ளைங்களுக்கும் அந்தச் சின்னத் திரைதான் இன்னும் கோயில். தீபாராதனை நேரத்துல போன் சார்ஜ் பண்ண அந்தப் பிளக்கைப் பிடுங்கினா, போறது அவங்க தரிசனம்.

பக்தர்களை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பல கோயில்ல பாஸ்வேர்ட் எல்லாம் ஒரே ஒரு தம்பி மண்டைக்குள்ளதான் இருக்கு. அவர் வேலை மாறி வேற ஊருக்குப் போயிட்டா சிசிடிவியைக் கூடத் திறக்க முடியாது. ஒரே ஒரு சமையல்காரரை நம்பி தைப்பூச அன்னதானம் வைப்போமா? நிர்வாகத்துக்கு என் கருத்து இதுதான்:

1. பாஸ்வேர்ட் எல்லாத்தையும் எழுதி, உறையில போட்டு, ஆபீஸ் பெட்டியில பூட்டி வைங்க.
2. நேரலைக்குத் தனி பிளக் ஒதுக்கி, "தொடாதீங்க"ன்னு தமிழ்ல பெரிசா எழுதி ஒட்டுங்க.
3. குறைஞ்சது மூணு பேருக்கு வேலையைப் பழக்கி விடுங்க. அதுல ஒரு அக்காவாவது இருக்கணும்.
4. பூவுக்கும் விளக்குக்கும் உபயம் எடுக்குறோம். மைக் பேட்டரிக்கும் ஒரு உபயம் வைக்கலாமே!

இளைஞர்களே, வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் ஒரு அரை மணி நேரம் இருங்க. சவுண்ட் மிக்சர்ல எந்தத் திருகு எதுக்குன்னு காட்டுறோம். படிப்பு, சர்டிபிகேட் ஒண்ணும் வேணாம், பொறுமை இருந்தா போதும். வடையும் தேத்தண்ணியும் உண்டு.

தண்ணி மட்டும் சமையல்கட்டுலதான் கொதிக்கும்.