முராட்டா ஒரே நாவலில் எழுந்தவரா?

ஜப்பானிய நாவலாசிரியர் சயாகா முராட்டா 'கொன்பினி' எனப்படும் 24 மணி நேரக் கடையில் வேலை பார்த்தவர். அந்த அனுபவத்தை அப்படியே எழுதி, 'கொன்பினி நிங்கென்' என்ற ஒரே நாவலில் புகழ்பெற்றுவிட்டார் என்பது பரவலான கருத்து. இது மூன்று வகையில் தவறு.

1. காலவரிசை இடிக்கிறது. 1979இல் சிபா மாநிலத்தில் பிறந்த முராட்டா 2003இலேயே குன்சோ புதுமுக எழுத்தாளர் பரிசு பெற்றார். 2009இல் நோமா புதுமுகப் பரிசு, 2013இல் மிஷிமா யுகியோ பரிசு. 'கொன்பினி நிங்கென்' அகுதாகவா பரிசை வென்றது 2016இல். பதின்மூன்று ஆண்டு உழைப்புக்குப் பெயர் அதிர்ஷ்டமா?

2. அனுபவம் மட்டும் நாவலாகாது. அந்த நாவலில், பூங்காவில் செத்துக்கிடக்கும் பறவைக்காக மற்றக் குழந்தைகள் அழுகிறார்கள். நாயகியான சிறுமி கெய்கோவோ அதைச் சுட்டு அப்பாவுக்குக் கொடுக்கலாம் என்கிறாள். இந்தக் காட்சி எந்தக் கல்லாப்பெட்டியில் கிடைக்கும்?

3. மற்ற நாவல்களை இந்த வாதம் மறந்துவிடுகிறது. 2015இல் வந்த 'ஷோமெட்சு செகாய்' செயற்கைக் கருத்தரிப்பே வழக்கமாகிவிட்ட சமூகத்தைக் காட்டுகிறது. 2018இல் வந்த 'சிக்யூ செய்ஜின்' தன்னை வேற்றுக்கிரகவாசி என நம்பும் பெண்ணின் கதை. இவற்றில் கடை எங்கே?

எது இயல்பு, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதே முராட்டா விடாமல் எழுப்பும் கேள்வி. கடை அதற்கான களங்களுள் ஒன்று.