கால் வலிக்குக் கழுத்தில் ஆபரேஷனா?

நாலு எட்டு நடந்தால் கால் கடுக்கிறது. குனிந்து உட்கார்ந்தால் வலி குறைகிறது. இது இடுப்புக் கோளாறு.

சட்டைக்குப் பித்தான் போட முடியவில்லை. நடை தள்ளாடுகிறது. இது கழுத்துக் கோளாறு.

இரண்டும் ஒரே ஆளுக்கு வருமா? வரும்! 1964-ம் ஆண்டிலேயே டாக்டர்கள் இதைப் பற்றி எழுதி இருக்கிறார்கள்.

முதுகெலும்புக்குள் ஒரு குழாய் உண்டு. மூளையில் இருந்து நரம்புத் தண்டு அதன் வழியாக இறங்குகிறது. வயதாக ஆக எலும்பு முளை விடுகிறது. சவ்வு தடிக்கிறது. குழாய் குறுகி, நரம்பு நசுங்குகிறது.

பழவேற்காடு ஏரிக்குப் போய்ப் பாருங்கள். கோல் ஊன்றிப் படகு தள்ளுகிறார்கள். வலை இழுக்கிறார்கள். தண்ணீரில் குனிந்து, கையால் தடவி இறால் பிடிப்பவர்களும் உண்டு. இங்கே முதுகு வலியை யார் நோயாக நினைப்பார்கள்? தைலம் தேய்த்துவிட்டு மறுநாள் தொழிலுக்குப் போவார்கள்.

ஆனால், வலையில் முடிச்சுப் போட விரல் வரவில்லை என்றால், அது தைலத்துக்கு அடங்காது. சுளுக்கு எடுப்பதாகச் சொல்லிக் கழுத்தைத் திருப்பவும் விடக்கூடாது. ஆபத்து!

டாக்டரிடம் கால் வலியை மட்டும் சொன்னால், அவர் இடுப்பை மட்டும் படம் எடுக்கலாம். விரலைப் பற்றியும் சொல்லுங்கள். அப்போதுதான் கழுத்தையும் ஸ்கேன் செய்வார்.

இரண்டு இடமும் குறுகி இருந்தால், பெரும்பாலும் கழுத்துக்குத்தான் முதல் ஆபரேஷன். ஏன்? கழுத்தில் நசுங்குவது தண்டுவடம். நெடுநாள் நசுங்கினால் முழுவதும் தேறாது. மேலும், இடுப்பு ஆபரேஷனுக்குக் குப்புறப் படுக்க வைப்பார்கள். அப்போது கழுத்து அசைந்தால் தண்டுவடம் அடிபடலாம். கழுத்து சரியான பிறகு, சிலருக்கு இடுப்பு ஆபரேஷன் தேவைப்படாமலே போவதும் உண்டு. ஒரே நாளில் இரண்டையும் செய்ய முடியும். வயதானவர்கள் தாங்க மாட்டார்கள் என்பதால், இடைவெளி விட்டுச் செய்கிறார்கள்.

இதற்காக வெகுதூரம் அலைய வேண்டாம். சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ராமமூர்த்தி 1950-ல் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். தகுதி உள்ள குடும்பங்களுக்கு, 2012-ல் வந்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது.

காப்பீடு ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டும். வீட்டில் அடுப்பு எரிய? வலை இழுக்காமல் பல வாரம் இருக்க வேண்டுமே! ஆபரேஷனைத் தள்ளிப் போடுகிறவரைக் கோழை என்று சொல்லாதீர்கள். அவர் பயப்படுவது கத்திக்கு மட்டும் அல்ல.

ஆனாலும் ஒன்று. சிறுநீர் அடைத்துக் கொண்டாலோ, அடக்க முடியாமல் போனாலோ, நாள் பார்க்க வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.