புண்ணிய காரியத்துக்குச் சங்கம் எதற்கு என்பாருக்கு

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை, தொழிற்பேட்டைகளின் புகையையும் சந்தடியையும் பின்னே விட்டுச் சானமாவு காப்புக்காட்டை ஊடறுத்துச் செல்லும் இடத்தில், கேழ்வரகு முற்றும் பருவத்தில் யானைக் கூட்டம் சாலையைக் கடக்கக் காத்து நிற்பதும், கன்டெய்னர் லாரிகளும் கம்பெனிப் பேருந்துகளும் வேகம் தணிக்க மனமின்றிப் பறப்பதும் ஆண்டுதோறும் நிகழ்வதாகையால், விபத்தையும் ஆம்புலன்ஸையும் பற்றிய பேச்சு இப்பகுதி மக்களுக்குப் புதியதன்று. 2024 ஜூன் 27 அன்று, ஓசூரில் 2,000 ஏக்கர் பரப்பில் ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளவல்ல விமான நிலையம் அமையுமென்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்ததிலிருந்து அந்தப் பேச்சு தரையை விட்டு ஆகாயத்துக்கும் ஏறிவிட்டது. பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தப்படி 150 கிலோமீட்டர் தொலைவுக்குள் 2033 வரை புதிய நிலையம் எழுவதற்குத் தடை இருப்பதை நினைவூட்டினாலும் எவரும் சோர்வதில்லை; பேளகொண்டபள்ளியில் தனேஜா நிறுவனத்தாரின் ஓடுபாதை 7,000 அடிக்கு நீண்டு கிடக்கிறதே, அவசரத்துக்கு ஏர் ஆம்புலன்ஸ் இறங்க அது போதாதா என்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால் அந்த விமானத்தில் நோயாளியுடன் ஏறப்போகும் டாக்டரும் நர்ஸும் மருத்துவ உதவியாளரும் விமானியும், மாநில எல்லைக்கு இப்புறம் ஓசூரும் அப்புறம் பெங்களூருமாக வேலை செய்ய வேண்டியவர்களாதலால், தங்களுக்கென்று ஒரு பிராந்தியத் தொழிற்சங்கத்தையோ தொழில்முறைச் சங்கத்தையோ ஏற்படுத்திக்கொள்வது அவசியமென்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் முகம் உடனே சுருங்கும். 'உயிரைக் காப்பாற்றுகிற வேலை புண்ணிய காரியம். புண்ணிய காரியத்துக்குச் சங்கம் எதற்கு?' என்று படித்தவரும் பாமரரும் ஒரே குரலில் கேட்பர். இந்த அபிப்பிராயம் நம் நாட்டில் வேரோடியது. கேட்பதற்கு உயர்ந்ததுபோல் ஒலிப்பது. அதனாலேயே அதன் தீமை எவர் கண்ணுக்கும் படுவதில்லை.

இதன் விளைவைத் தரையில் நாம் நன்றாகவே பார்த்திருக்கிறோம். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கிய நாள் முதல், அந்த வண்டியில் ஓடும் மருத்துவ உதவியாளரையும், நிர்வாகம் பைலட் என்றழைக்கும் ஓட்டுநரையும் நாம் தெய்வமென்றே போற்றி வருகிறோம். சாலையோரத்தில் பிரசவம் பார்த்தவர் படம் பத்திரிகையில் வந்தால் கண்ணீர் மல்குகிறோம். அதே மனிதர்கள் 12 மணி நேர வேலையை 8 மணி நேரமாக்க வேண்டுமென்றும், தீபாவளிக்குப் போனஸ் வேண்டுமென்றும் சங்கமாகத் திரண்டு கேட்டால், தெய்வம் ஒரே இரவில் பிளாக்மெயில்காரனாகிவிடுகிறது. தெய்வத்துக்குக் காப்பீடும் வேண்டாம், உறக்கமும் வேண்டாம் என்பது நம்முடைய பக்தியின் ஒரு சௌகரியமான பகுதி. ஒருவனைப் புகழ்ந்து புகழ்ந்தே அவன் வாயைக் கட்டிவிடும் இந்த உபாயத்தை ஆசிரியரிடத்திலும் தாயாரிடத்திலும் நெடுங்காலம் பயின்று தேர்ந்த சமூகம் நம்முடையது.

ஆகாயத்தில் இந்த உபாயம் உயிரையே வாங்கும். ஏனெனில் ஏர் ஆம்புலன்ஸ் என்பது சிறகு முளைத்த ஆஸ்பத்திரி என்று வெளியிலிருப்போர் நினைப்பது தவறு. நம் நாட்டில் இப்பணிக்குப் பெரும்பாலும் பயன்படும் சிறு விமானங்களில், ஸ்ட்ரெச்சரைப் பொருத்தியபின் மீதமிருக்கும் இடத்தில் நிமிர்ந்து நிற்கக்கூட இயலாது. விமானம் மேலே செல்லச் செல்ல உள்ளே காற்றழுத்தம் குறையும். அறையின் அழுத்தம் 8,000 அடி உயரத்துக்கு ஒப்பாகும்போது, அடைபட்ட வாயு எதுவாயினும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விரியும். விபத்தில் விலா முறிந்து நுரையீரலைச் சுற்றிக் காற்றுச் சேர்ந்தவனுக்கு, தரையில் சிறிதாக இருந்த அக்காற்று மேலே இதயத்தையே அழுத்தும் அளவுக்குப் பெருகலாம். மூச்சுக்குழாயில் செருகிய குழலைப் பிடித்து நிறுத்தும் சிறு பலூனும் விரிந்து தசையை நசுக்கலாம். வென்டிலேட்டர் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் பிராணவாயு விழுங்குமென்றும், இறங்குவதற்கு அனுமதி தாமதித்தால் மிச்சமிருக்கும் சிலிண்டர் எவ்வளவு நேரம் தாங்குமென்றும் கணக்குப் போட்டே ஏற வேண்டும். இக்கணக்கைப் போடும் நர்ஸ், முந்திய இரவு முழுதும் தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்றுவிட்டு, காலையில் தொலைபேசி அழைப்பு வந்ததும் நேரே விமானத்துக்கு வந்தவராக இருந்தால்? விமானி எத்தனை மணி நேரம் பறக்கலாம், இடையில் எத்தனை மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்பதற்கெல்லாம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகள் உண்டு. அந்த விதிகள் விமானிகளையும் விமானப் பணிப்பெண்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவர்களுக்குப் பின்னால் நோயாளியின் நாடியைப் பிடித்துக் கொண்டிருப்பவரின் உறக்கத்தை யார் கணக்கெடுக்கிறார்கள்?

இன்னும் பெரிய விஷயம், 'இன்று புறப்பட வேண்டாம்' என்று சொல்லும் உரிமை. 2011 மே 25-ஆம் தேதி இரவு, பாட்னாவிலிருந்து ஒரு நோயாளி இளைஞனை டில்லிக்கு ஏற்றிவந்த பிலாட்டஸ் விமானம், வானிலை சீர்கெட்டிருந்த வேளையில், ஃபரீதாபாத்தில் குடியிருப்பின் மீதே விழுந்தது. உள்ளேயிருந்த ஏழு பேரும், வீட்டிலிருந்த மூன்று பெண்களும் மாண்டனர். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 2008 செப்டம்பர் 27 நள்ளிரவையொட்டி, கார் விபத்தில் அடிபட்ட இரு பெண்களை ஏற்றிச் சென்ற மாநிலப் போலீஸ் ஹெலிகாப்டர் மூடுபனியில் விழுந்து, விமானியும் மருத்துவ உதவியாளர்களும் நோயாளிகளுள் ஒருவருமாக நால்வர் இறந்தனர். நம் நாட்டில் ரிஷிகேஷ் எய்ம்ஸின் சஞ்சீவனி ஹெலிகாப்டர், தொடங்கி ஓராண்டு நிறைவதற்குள், 2025 மே 17 அன்று கேதார்நாத்தில் இறங்கும்போது வால் முறிந்து விழுந்தது. உள்ளே இருந்தோர் தப்பியது தெய்வாதீனம். இவற்றின் காரணங்கள் வெவ்வேறு. ஆராய்ந்து சொல்ல வேண்டியவர்கள் நிபுணர்கள். ஆயினும் ஒன்று தெளிவு: ஒரு பக்கம் துடிக்கும் நோயாளி, மறுபக்கம் பணம் கட்டிவிட்டுக் கைகூப்பி நிற்கும் உறவினர், இருவருக்கும் நடுவே அடுத்த முறை அழைப்பானோ மாட்டானோ என்ற கவலையைத் தரும் முதலாளி என்றிருக்கையில், 'வேண்டாம்' என்ற சொல் தனி மனிதன் வாயிலிருந்து எளிதில் வராது.

அமெரிக்கா போன்ற நாடுகளில் இதற்கொரு மரபை ஏற்படுத்தியிருக்கிறார்கள். புறப்படுவதற்கு எல்லோரும் சம்மதிக்க வேண்டும். நிற்பதற்கு ஒருவர் சொன்னால் போதும். அதைக் காரணம் காட்டிச் சொன்னவரைத் தண்டிக்கக் கூடாது. நோயாளி குழந்தையா, கர்ப்பிணியா என்பதையே விமானியிடம் முன்னதாகச் சொல்லாமல், வானிலையை மட்டும் பார்த்து முடிவு செய்யச் சொல்லும் வழக்கமும் உண்டு. இரக்கம் கண்ணை மறைக்கும் என்று அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு இது. சானமாவிலே, குட்டியோடு நிற்கும் யானைக் கூட்டத்தை இருட்டில் விரட்டப் போவதில்லை, விடியட்டும் என்று வனக்காவலர் சொன்னால், அவரைக் கோழையென்று பயிருக்குச் சொந்தக்காரரும் ஏசுவதில்லை. அவர் காட்டை அறிந்தவர் என்று ஒப்புக்கொள்கிறோம். ஆகாயத்தை அறிந்தவருக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாதா?

இம்மாதிரி மரபுகள் முதலாளிகளின் கருணையால் பிறந்தவையல்ல. 1980-களில் அமெரிக்காவில் மருத்துவ ஹெலிகாப்டர்கள் அடுத்தடுத்து விழுந்தபோது, விமான நர்ஸுகளும் உதவியாளர்களும் தத்தம் சங்கங்களின் வழியாகப் பேசத் தொடங்கினர். 1990-இல் மருத்துவப் போக்குவரத்துக்குத் தரச் சான்று வழங்கும் ஒரு குழு தோன்றியதில் அச்சங்கங்களுக்குப் பங்குண்டு. அத்தனை தூரம் போவானேன்? நம் சென்னையிலேயே, பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளருக்கு நண்பகல் உணவுக்குக் கிடைத்த அரை மணி நேரம் போதாதென்ற முறையீட்டிலிருந்து 1918 ஏப்ரலில் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கண்டனர். ஆலை நிர்வாகம் வாடியாவின் மீது வழக்குத் தொடுத்துத் தடையும் நஷ்ட ஈடும் பெற்றது. அந்த அநீதியே 1926-இன் தொழிற்சங்கச் சட்டத்துக்கு ஒரு தூண்டுதலாயிற்று. அதே 1926-இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் பதிவுச் சட்டமும் வந்தது. தகுதி பெற்ற நர்ஸ் யார், பெறாதவர் யார் என்று பிரித்துக் காட்டும் பதிவேடு வேண்டுமென்று, 1908-இல் தோன்றிய இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் பல காலம் பாடுபட்டது. இன்று நம் வீட்டுப் பெரியவருக்கு ஊசி போடுபவர் படித்தவர்தாமா என்று நாம் சந்தேகப்படாமல் இருக்கிறோமே, அந்த நிம்மதியில் ஒரு பங்கு அந்தச் சங்கம் நமக்கு ஈட்டித் தந்தது. புண்ணிய காரியத்துக்குச் சங்கம் எதற்கு என்று அன்று அவர்கள் கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இனி வரப்போவதைப் பாருங்கள். 2025 பிப்ரவரியில், சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த ஈ-பிளேன் நிறுவனமும், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐகாட் நிறுவனமும், 788 மின்சார ஏர் ஆம்புலன்ஸ்களுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டதாகச் செய்தி வந்தது. நாட்டின் மாவட்டந்தோறும் ஒன்று என்பது நோக்கமாம். எந்திரங்களின் எண்ணிக்கையும், நூறு கோடி டாலரைத் தாண்டும் தொகையும் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மருத்துவ உதவியாளர் அமர்வதாக வைத்துக்கொண்டாலும், இரவு பகலும் வார ஓய்வும் கணக்கிட்டால் ஓர் இருக்கைக்கு நான்கு பேராவது வேண்டும். 3,000 பேருக்கு மேல் ஆகிறது. அவர்களுக்கு யார் பயிற்சி அளிப்பது, யார் சான்று தருவது, இறந்தால் குடும்பத்துக்கு யார் பொறுப்பு என்பதைப் பற்றி நாம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எந்திரத்தின்மேல் நமக்குள்ள மோகம் அதில் ஏறும் மனிதன்மேல் இல்லை.

சங்கத்தை நடத்துவது சுலபமென்று நான் சொல்லவரவில்லை. இத்தொழிலில் அங்கத்தினர் எல்லோரும் ஒரே நாளில் கூடுவது ஏறத்தாழ அசாத்தியம். பொதுக்குழு என்று தேதி குறித்தால் பாதிப்பேர் பணியிலும் மீதிப்பேர் உறக்கத்திலும் இருப்பர். ஆஸ்பத்திரி வேலையை முதலாகவும் விமானப் பணியை அழைப்புக்கேற்ற உபரியாகவும் கொண்டவர்களிடம் சந்தா வசூலிக்கும் காரியதரிசியின் பாடு சொல்லத் தரமன்று. டாக்டர் தலைவராக இருந்தால் நர்ஸ் வாய் திறப்பாரா என்பது இன்னொரு சங்கடம். விமானத்தருகே நோயாளியைக் கொண்டுவந்து சேர்க்கும் ஆம்புலன்ஸ் ஓட்டுநரை அங்கத்தினராகச் சேர்ப்பதா, வேண்டாமா? சேர்க்க வேண்டும் என்பேன். மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளி நெரிசலில் அவர் இழக்கும் அரைமணியை எந்த விமானமும் மீட்டுத் தராது.

பிராந்தியச் சங்கம் என்று வற்புறுத்துவதற்கும் காரணம் உண்டு. ஓசூரில் தலையில் அடிபட்டவரை 40 கிலோமீட்டரிலுள்ள பெங்களூரு நிம்ஹான்ஸுக்குக் கொண்டுபோவதே உறவினரின் முதல் எண்ணம். ஆனால் இங்கே 108 ஒரு மாநிலத்தின் ஏற்பாடு, அங்கே வேறொரு மாநிலத்தின் ஏற்பாடு. நர்ஸின் பதிவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நோயாளியின் ரத்தத்துக்கு எல்லை தெரியாது, காகிதத்துக்குத் தெரியும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசும் ஓசூரில் கூடும் ஒரு சங்கம், இரு மாநில அங்கத்தினரின் அனுபவங்களையும் பெயர் வெளியிடாமல் திரட்டி, 'இத்தனை முறை பிராணவாயு குறைந்தது, இத்தனை முறை வானிலை அறிந்தும் புறப்பட நேர்ந்தது' என்று எழுதி வைத்தால், அதைவிடப் பெரிய வைத்தியம் இத்துறைக்கு வேறில்லை. விமான மருத்துவம் பயிற்றும் விமானப்படைக் கல்விக்கூடம் 1957 முதல் பெங்களூரில் இருக்கிறது. அங்கு பயின்றோரை அழைத்து மாதம் ஒரு வகுப்பு நடத்தலாம். புதிய அங்கத்தினரின் விபத்துக் காப்பீட்டில் வானப் பயணத்தைப் பற்றிச் சிறு எழுத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று படித்துச் சொல்வதும் சங்கத்தின் வேலையே.

'எல்லாம் சரி, நாளைக்கு வேலைநிறுத்தம் என்று உட்கார்ந்தால் நோயாளி கதி?' என்பார்கள். நியாயமான அச்சம், அதனால்தான் தொழில்முறைச் சங்கம் தன் விதியிலேயே, புறப்பட்ட நோயாளியைக் கைவிடுவதில்லை என்று எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் சங்கமில்லாத இடத்தில் வேலைநிறுத்தம் நடப்பதில்லை என்று யார் சொன்னது? அங்கே ஒவ்வொருவராகச் சொல்லாமல் விலகிப்போகிறார்கள். அனுபவமுள்ளவர் வளைகுடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போக, நேற்றுச் சேர்ந்தவர் இன்று ஏறுகிறார். அந்த வேலைநிறுத்தத்துக்கு அறிவிப்பும் கிடையாது, பேச்சுவார்த்தையும் கிடையாது. பொன்னாடையும் கட்சிக் கொடியும் தலைவரின் பிறந்தநாளுமாகச் சீரழிந்த சங்கங்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. கெட்ட கணவன்மார் உண்டென்று கல்யாணத்தையே ஒழித்தவர் யாருமில்லை.

2021-இன் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், அவசர மருத்துவ உதவியாளரையும் பதிவுக்குரிய தொழில்முறையாளராக ஏற்றுக்கொண்டுவிட்டது. மாநிலங்கள் அதன்படி விதிகள் வகுக்கும்போது, வானில் வேலை செய்வோரின் சார்பில் எழுந்து பேச ஒருவர் வேண்டும்; தனி மனிதன் எழுதும் மனுவை எந்த அலுவலகமும் கோப்பில் கட்டி வைக்கும், சங்கத்தின் மனுவுக்குப் பதில் எழுதியாக வேண்டும். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் போதும். ஓசூரிலும் பெங்களூரிலும் இப்பணியில் இருப்போருள் அந்த ஏழு பேர் முன்வரட்டும். அவர்கள் முன்வரும் நாளில், 'உங்களுக்கேன் இந்த வேலை?' என்று கேட்காதிருப்பதே நாம் அவர்களுக்குச் செய்யக்கூடிய முதல் உதவி.