விண்கலத்துக்குக் காப்பு உண்டு, நமக்கு?
இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (கணிதம்) மாணவன்

எங்கள் ஊர் உத்தரகோசமங்கையில் மரகத நடராசர் ஆண்டு முழுதும் சந்தனக் காப்பில் இருப்பார். மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் காப்பைக் களைவார்கள். அரிய பொருளுக்குக் காப்பு வேண்டும் என்பது எங்கள் ஊர்ச் சிறுவனும் அறிந்ததே. விண்வெளியிலிருந்து வரும் செய்திக்கும் அப்படியொரு காப்பு உண்டு என்பதை நான் இவ்வாண்டுதான் படித்தறிந்தேன்.

1977-இல் ஏவப்பட்ட வாயேஜர்-2 விண்கலம் 1989-இல் நெப்டியூனை நெருங்கியது. அங்கிருந்து பூமி ஏறத்தாழ 450 கோடி கிலோமீட்டர். செய்தி வந்து சேர நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அனுப்பும் கருவியின் திறனோ சுமார் 20 வாட். ஒரு சிறு விளக்கின் அளவு! வழியில் இரைச்சல் புகுந்து 0 என்பது 1 ஆகிவிடலாம். "மறுபடி சொல்" என்று கேட்டால் விடை வர எட்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

அறிஞர்கள் என்ன செய்தார்கள்? பிழை வரும் என்று முன்பே ஏற்றுக்கொண்டார்கள். 223 செய்தி எழுத்துகளோடு, அவற்றிலிருந்தே கணக்கிட்ட 32 காப்பு எழுத்துகளைச் சேர்த்து 255 ஆக அனுப்பினார்கள். அவற்றுள் எந்தப் பதினாறு சிதைந்தாலும் பூமியிலேயே கணக்கிட்டுத் திருத்திவிடலாம். 1960-இல் வெளிவந்த இதன் பெயர் ரீட்-சாலமன் குறியீடு. இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு குறியீட்டை அதே ஆண்டில் வெளியிட்ட போஸ், ரே சௌத்ரி இருவரும் இந்தியாவிலிருந்து சென்ற கணித மேதைகள் என்பது நமக்குப் பெருமை அன்றோ!

இனி என் கதை. சென்ற பருவத்தில் தேர்வு விண்ணப்பத்தில் ஒரு தாளின் குறியீட்டு எண்ணில் ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதிவிட்டேன். பிழை என்னுடையதே. ஆனால் அதைப் பார்த்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டுமே போடத் தெரியும். அந்தத் தாளை அப்போது எழுத முடியாமற் போயிற்று.

"கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்பார்கள். வாயேஜரை அனுப்பியவர்கள் கவனமற்றவர்களா? படித்த வீட்டுப் பிள்ளைக்கு அண்ணனும் சித்தப்பாவுமே காப்பு எழுத்துகள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய நமக்கு அந்த முப்பத்திரண்டும் இல்லை. ஓர் இலக்கம் பிசகினால் ஒரு பருவமே போகிறது.

ஆசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே! விண்ணப்பம் கொடுக்கும் வாரத்தில் மூன்றாமாண்டு மாணவர்கள் நண்பகல் இடைவேளையில் நூலகத் தாழ்வாரத்தில் அமர்ந்து ஒவ்வொரு படிவத்தையும் ஒருமுறை சரிபார்க்கட்டும். நேரம் வீண் என்போருக்கு ஒரு சொல்: 255-இல் 32 வீணென்று யாரும் கருதவில்லை, அதனால்தான் நெப்டியூனின் படம் நம் கைக்கு வந்தது.

அடுத்த ஆண்டு நான் மூன்றாமாண்டு. அந்தத் தாழ்வாரத்தில் முதல் ஆளாக நான் அமர்வேன்.