பொந்தில்லாத ஊரில் சிலந்தி வளர்ப்பு

2021 ஜூலையில் சென்னை வெளிநாட்டு அஞ்சலகத்தில் சுங்கத்துறையினர் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார்கள். போலந்திலிருந்து வந்தது அது. உள்ளே வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய சிறு பிளாஸ்டிக் குப்பிகள். குப்பிக்கு ஒன்றாக 107 உயிருள்ள சிலந்திகள். முகவரி அருப்புக்கோட்டை. அமெரிக்கக் கண்டத்து டாரன்டுலா இனங்களாக இருக்கலாம் என்று வல்லுநர்கள் ஐயுற்றனர். உரிய உரிமமும் நலச்சான்றும் இல்லாததால் வந்த வழியே திருப்பி அனுப்ப முடிவாயிற்று.

செய்தி வந்த அன்று நம் நண்பர்கள் சிரித்தார்கள். "எட்டுக்கால் பூச்சியைப் போய்ப் பார்சலில் வரவழைப்பானா? ஒட்டடைக் கம்பை எடுத்தால் நம் வீட்டிலேயே இனாமாகக் கிடைக்குமே" என்றார் ஒருவர். இலக்கியம் வாசிப்பவர்தான். பெரியபுராணத்தில் ஒரு சோழன் முற்பிறவியில் சிலந்தியாக இருந்தான் என்பதையும், திருவானைக்காவில் நாவல்மரத்தடி லிங்கத்தின் மேல் சருகு விழாதிருக்க வலைப்பந்தல் இட்டான் என்பதையும் கேட்டவுடன் ஒப்பிக்கக்கூடியவர். பாட்டில் வரும் சிலந்திக்குக் கைகூப்பு, சுவரில் வரும் சிலந்திக்கு விளக்குமாறு. இந்தச் சிரிப்போடு நமக்கு உடன்பாடில்லை.

அதற்காக, வளர்ப்போரின் கட்சியில் நாம் சேர்ந்துவிடவும் இல்லை. இவ்வுயிரை வளர்க்கப் புறப்பட்டவர்களில் பெரும்பாலோர் அதன் வீடு எது என்றே கேட்பதில்லை. டாரன்டுலாக்களில் தரையில் வளை தோண்டி வாழ்பவை உண்டு. மரத்தில் குடியிருப்பவையும் உண்டு. இரண்டும் கடையில் ஒரே குப்பியில்தான் விற்கின்றன. மரத்துக்குரிய குஞ்சைத் தட்டையான டப்பாவில் போட்டு, மேலே விளக்கும் வைத்துவிட்டு, "பயங்கரக் கோபக்காரன், தொட்டால் பாய்கிறான்" என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஒளிந்துகொள்ள இடமில்லாதவன் வேறு என்ன செய்வான்?

இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வாழும் போசிலோதெரியா என்னும் மரச்சிலந்திப் பேரினத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க இனங்கள் பலவற்றுக்கு அடிவயிற்றில் அரிப்பு மயிர் உண்டு. எதிரியின் மேல் அதை உதறிவிட்டுத் தப்பலாம். நம் பக்கத்துச் சிலந்திக்கு அந்த வசதி இல்லை. அதன் கையில் இருப்பவை மூன்று: மரப்பட்டையின் நிறத்தோடு ஒன்றிக் கிடப்பது, கண்ணிமைக்கும் நேரத்தில் பொந்துக்குள் ஓடுவது, இரண்டும் பலிக்காவிட்டால் கடிப்பது. கடி ஆளைக் கொல்வதில்லை என்றாலும் தசைப்பிடிப்பு நாட்கணக்கில் வதைக்கும். முதல் இரண்டையும் பறித்துவிட்டு மூன்றாவதைக் குணக்கேடு என்பது நியாயமாகுமா?

குஞ்சுக்கு வேண்டிய வீடு பெரிய மாளிகையன்று. அகலத்தைவிட உயரம் கூடிய சிறு கலம். செங்குத்தாகச் சாய்த்த ஒரு பட்டைத் துண்டு. அடியில் கொஞ்சம் மண். காற்றோட்டத்துக்குப் பக்கவாட்டில் துளைகள். அவ்வப்போது சில சொட்டு நீர். இவ்வளவு கிடைத்தால் அது பட்டைக்குப் பின்னால் இழை நூற்று, அதில் மண் துகளை ஒட்டி, வாசலுக்குத் திரை கட்டிக்கொள்ளும். கலம் தேவைக்கு மேல் பெரிதானால் இரை ஒரு மூலையிலும் குஞ்சு ஒரு மூலையிலுமாகப் பட்டினி கிடக்கும். சில சமயம் இருபது நாள்கூட ஒன்றும் தின்னாது. நோய் என்று பதறிக் குச்சியால் கிளறுவார்கள். அது சட்டை கழற்ற ஆயத்தமாகிறது, அவ்வளவுதான். கழற்றிய கையோடு உடல் வெளுத்து, கடிக்கும் பற்கள்கூட மிருதுவாக இருக்கும். அந்த நேரத்தில் கலத்துக்குள் விட்டுவைத்த ஒரு சுவர்க்கோழியே சிலந்தியைத் தின்றுவிட வாய்ப்புண்டு.

ஆக, சரியாகக் குடிவைத்த மரச்சிலந்தி பெரும்பாலும் கண்ணில் படாது. நாளெல்லாம் பட்டைக்குப் பின்னால் இருக்கும். இரவில் வாசலுக்கு வந்து இரண்டு கால்களை மட்டும் நீட்டி வைத்திருக்கும். நண்பர்களைக் கூட்டிவந்து காட்ட நினைப்பவருக்கு இது ஏமாற்றந்தான். அத்தகையோர் வளர்க்காதிருப்பது நல்லது என்பது நம் கருத்து.

இனி நம் பக்கத்துக் கணக்கு. 1985 வரை அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இராமநாதபுரம் மாவட்டம். அந்தப் பழைய மாவட்டத்தின் கிழக்கு முனையான இராமேசுவரத்திலிருந்துதான் ஒரு போசிலோதெரியா 2004-இல் ஆண்ட்ரூ ஸ்மித் என்பவரால் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. அங்குள்ள அனுமன் கோயிலின் பெயரை ஒட்டி ஹனுமவிலாசுமிகா என்று பெயர். மண்டபம் கரையிலும் பின்னர் கடலுக்கு அப்பால் மன்னாரிலும் அது காணப்பட்டது. 2008-இல் உலகப் பாதுகாப்பு ஒன்றியம் அதை மிகவும் அருகிவிட்ட இனம் என்று பட்டியலிட்டது. 2019-இல் ஜெனீவா மாநாட்டில் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. பழைய புளியமரத்துப் பொந்தில் தாயும் குஞ்சுகளுமாகக் கூடி வாழக்கூடிய சிலந்தி அது. சிலந்திகளில் இப்படிக் கூடி வாழ்வது அபூர்வம்.

கரிசல் காட்டில் அப்படியொரு பொந்துக்கு இன்று எங்கே போவது? சீமைக்கருவேலம் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கிறது. ஆனால் அது கரிமூட்டத்துக்குப் போகும் மரம், பொந்து விழும் வயதுவரை அதை யாரும் விட்டுவைப்பதில்லை. பொந்து விழ வேண்டுமானால் தலைமுறைகள் கண்ட புளியும் வேம்பும் வேண்டும். சாலை அகலமாக அகலமாக அவைதாம் முதலில் போயின. "மண்ணின் மணம்" என்று பக்கம் பக்கமாக எழுதிய நாம், மரம் சாய்ந்த நாளில் பேருந்து சன்னல் வழியே பார்த்துக்கொண்டு போனோம். போலந்துக் குப்பியைப் பார்த்துச் சிரிக்க நமக்கு என்ன தகுதி?

சாலையோர மரத்தை வெட்டுமுன் சுற்றளவு அளக்கிறார்கள், சுண்ணாம்பு அடித்து எண் போடுகிறார்கள், விறகுக்கு விலை கட்டுகிறார்கள். பொந்துக்குள் எந்த உயிர் இருக்கிறது என்று விவரமறிந்த ஓர் ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்லி நாம் இதுவரை ஒரு மனுக்கூட எழுதவில்லை. இந்த வாரம் எழுதுகிறோம். சிரித்த நண்பர்தான் முதல் கையெழுத்துப் போட வேண்டும்.