செவியினுள் ஓர் இரைச்சல்

கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அச்செல்வத்தைத் தொழிலின் பொருட்டு இழப்போரை நாம் நினைப்பதுண்டோ?

வட்டவளை போன்ற தோட்டங்களிலே, தேயிலைத் தொழிற்சாலையின் விசிறிகளுக்கும் உருளைகளுக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் உழைப்பவர், நள்ளிரவில் காது இரைகிறதென்றால் அதை மனப்பிரமை என நகைத்தல் அறமன்று. பேரொலி உட்செவியின் நுண்மயிர்க் கலங்களைச் சிதைக்கும்; அவை மீள முளைப்பதில்லை. இசைமேதை பீத்தோவனும் தம் செவிகள் இரவும் பகலும் இரைவதாக 1801இல் நண்பருக்கு எழுதினார். மேதைக்கு மெய்யானது தொழிலாளிக்குப் பொய்யாகுமோ?

நாளொன்றுக்கு 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபெல்லே எல்லை என்பர். அதனை மீறுமிடத்துக் காதுக்காப்பும் ஆண்டுதோறும் செவிச் சோதனையும் வேண்டும். ஒரு காது மட்டும் இரைந்தாலோ, கேட்டல் திடீரெனக் குன்றினாலோ உடனே மருத்துவரை நாடல் வேண்டும். ஆயின், வீட்டிலும் காதை அடைத்திருத்தல் தகாது. நிசப்தத்தில் இரைச்சலே ஓங்கும். நாளடைவில் சிற்றொலியும் பொறுக்கவொண்ணாததாகும். மெல்லொலியே துணை, கூரைமீது வீழும் மலைநாட்டு மழையோசையும் ஆறுதலே.

தோட்டங்களில் பொறுப்பேற்றுள்ள பழைய மாணவ அன்பர்களே! தொழிலாளர் முறையீட்டுக்கு முதலிற் செவிகொடுங்கள். நாம் கற்ற கல்வியின் பயன் அதுவென்றே கருதுகிறோம்.